மச்சானுக்கு ஒரு எழுத்து

சீனாக்காரன் எழுதி ஜப்பான்காரன் எடுத்துக்கொண்ட அந்தச் சித்திர எழுத்துகளை உருவாக்கிய காலத்தில் யாரும் ஞானமுத்துவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குறையை 2004ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அவரே முன்வந்து நிவர்த்தி செய்தார். நிவர்த்தி எழுத்துக்கு. நாசம் அவருடைய தங்கை புருஷன் மரிய செல்வத்துக்கு.

மரிய செல்வம் அரியலூருக்கு வெளியே ஒரு சிமென்ட் ஆலையில் மூட்டை நிரப்பும் பிரிவில் ஆபரேட்டர். பதினாலு வருஷமாக ஆபரேட்டர். அவனிடம் தொழில் கற்றுக்கொண்ட இரண்டு பேர் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "என்ன செல்வம், டீ சாப்ட்டாச்சா?" என்று கேட்கும் நிலைக்குப் போய்விட்டார்கள். இவன் டீ சாப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அந்த வருஷம் ஆலைக்கு ஜப்பானிலிருந்து ஒரு பழைய மெஷின் வந்தது. அதன் பலகையில் நாற்பத்திரண்டு பொத்தான்கள். ஒவ்வொன்றின் கீழும் கோழி கிளறிய மாதிரி எழுத்து. கூட வந்த நானூறு பக்கப் புத்தகத்தில் ஆங்கிலம் அட்டையோடு முடிந்துவிட்டது. மேனேஜர் காசிநாதன் எல்லாரையும் கூப்பிட்டு அறிவித்தார்: டிசம்பரில் சென்னையில் நடக்கும் ஜப்பானிய மொழித் தேர்வில் நாலாம் நிலை பாஸ் செய்கிற ஒருவருக்கு மூன்று மாதம் ஜப்பானில் பயிற்சி. திரும்பி வந்தால் ஷிப்ட் இன்சார்ஜ். யாரும் பாஸ் ஆகவில்லையென்றால் வெளியாள். நாலாம் நிலை என்பது இருப்பதிலேயே அடிமட்டப் படி என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார், ஊக்கப்படுத்துவதற்காக.

ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். ஜூலைக்குள் நாலு பேருக்கு ஜப்பான் பிடிக்காமல் போய்விட்டது. மிச்சம் மரிய செல்வம். முப்பத்தெட்டு வயது, முன்வழுக்கை, ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு.

ஞாயிறுதோறும் முதல் பூசை முடிந்ததும் இரண்டு பஸ் மாறித் திருச்சிக்குப் போவான். வகுப்பெடுத்த சிவரஞ்சனி அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவன் அவளை 'மேடம்' என்பான், அவள் அவனை 'சார்' என்பாள். நூறு சித்திர எழுத்து தெரியவேண்டும். மூன்று மாதத்தில் அவனுக்குப் பன்னிரண்டு தெரிந்திருந்தது. அதில் மூன்று வெறும் கோடுகள்: ஒன்று, இரண்டு, மூன்று.

"பாத்துப் பாத்து எழுதினா கைதான் சார் வலிக்கும்" என்றாள் சிவரஞ்சனி. "எழுத்த உடைச்சுப் பாருங்க. உள்ள என்ன தெரியுதோ அத வச்சு ஒரு கதை கட்டுங்க. உங்க ஊரு, உங்க ஆளுங்க. கதை எவ்ளோ மோசமா இருக்கோ அவ்ளோ நல்லது."

"மோசம்னா எப்படி மேடம்?"

"வெளிய சொன்னா அடி விழற மாதிரி. யார்கிட்டயும் காட்டாதீங்க. ஒருத்தர் நல்லவருன்னு சொன்னா அடுத்த தெருவுக்குள்ள மறந்துரும். அவரு பண்ணின அல்பத்தனம் சாவுற வரைக்கும் மறக்காது."

மரிய செல்வத்துக்கு அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே லால்குடி தாண்டுவதற்குள் ஒன்பது எழுத்தை முடித்துவிட்டான். அவனுக்குத் தெரிந்த மனிதர்களின் அல்பத்தனம் ஜப்பானிய மொழிக்குப் போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்தது.

பெட்டியின் மேல் ஒரு சிலுவை நட்ட மாதிரி ஓர் எழுத்து. பொருள், 'பழையது'. கல்லறைத் திருநாளுக்குத் தன் அப்பா கல்லறையில் போன வருஷத்து பிளாஸ்டிக் மாலையையே கழுவிப் போடும் அச்சகக்காரர் சகாய ஆனந்த். வாசல் கதவுக்குள் ஒரு காது. பொருள், 'கேட்பது'. எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள், வேறு யார்? மரத்தின் பக்கத்தில் ஒரு மனிதன். பொருள், 'ஓய்வு'. அது ஞானமுத்து மச்சான், ஊராட்சித் துணைத் தலைவராக இருந்த ஐந்து வருஷமும் தார் ரோடு போட்டதை மேற்பார்வை பார்த்த விதம். புளியமரத்தின் அந்தப் பக்கம் மட்டும் பட்டை வழவழவென்று இருக்கும்.

பிறகு ஒரு கூரை, அதன் கீழே ஒரு பெண். பொருள், 'விலை மலிவு'. இதற்கு அவன் யோசிக்கவே இல்லை. மாமனார் செத்ததும் பூர்வீக வீட்டை ஞானமுத்து எடுத்துக்கொண்டு, அதை இடித்து மாடிமேல் மாடி கட்டி உச்சியில் இரண்டு சிமென்ட் சிங்கத்தை உட்கார வைத்தார். அம்மா சூசையம்மாளை, "தூசி ஒத்துக்காது, ஒரு மாசம் தங்கச்சி வூட்ல இருக்கட்டும்" என்று கொண்டுவந்து விட்டார். ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் தூசி அடங்கவில்லை. அம்மாவைத் தங்கச்சி கூரையின் கீழ் தள்ளிவிட்டால் மச்சானுக்குச் செலவு மலிவு. எழுத்து மண்டையில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தது.

இதை அவன் மனைவி கிறிஸ்டிக்குப் படித்துக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை. அரிசி களைந்த கை அப்படியே நின்றது. "இத எங்கயும் ஒளறி வைக்காதீங்க. எனக்குன்னு பொறந்த வூடுன்னு ஒண்ணு இருக்கு, பேருக்காச்சும்" என்றாள். பிறகு இரண்டு நாள் கழித்து அவளாகவே வந்து, "அந்தக் 'குடிக்கிற' எழுத்துக்கு எங்க சித்தப்பாவ போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். அக்டோபர் முடியும்போது எண்பத்தாறு எழுத்து. வாழ்க்கையில் முதல் தடவையாக மரிய செல்வம் ஒரு விஷயத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

நவம்பர் முதல் ஞாயிறு ஞானமுத்து வந்தார்.

ஞானமுத்துவை அறிமுகப்படுத்த அவருடைய விசிட்டிங் கார்டு போதும். ஆனால் அதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பதவியில் இருந்தது ஐந்து வருஷம், 'முன்னாள்' ஆக இருப்பது எட்டு வருஷம் என்றாலும், அந்த முன்னாளை அவர் ஒரு முழுநேர வேலையாகப் பார்த்துவந்தார். அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கியபோது அவர் இரண்டாயிரம் லெட்டர் பேடு அடித்தார். புகுந்த வீட்டில் ஒத்துப்போகாத பெண் மாதிரி அரியலூர் அடுத்த வருஷமே திரும்பி வந்து பெரம்பலூரோடு சேர்ந்துகொண்டது. ஞானமுத்து அந்த இணைப்பை அங்கீகரிக்கவில்லை. பேடு தீரும்வரை அரியலூர் மாவட்டம்தான்.

காபி வருவதற்குள் அவர் கை டிவி மேல் இருந்த கதை நோட்டை எடுத்துவிட்டது. மரிய செல்வம் பாய்ந்து பிடுங்குவதற்குள் ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன மாப்ள, நம்ம பேரு இருக்குது?"

"ஒண்ணுமில்ல மச்சான். பாடம்."

"பாடத்துல என் பேரு எதுக்கு?"

மரிய செல்வம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் அல்ல. ஆனால் ஜப்பானிய மொழியில் இதுதான் முதல் தடவை. "'உயரம்'னு ஒரு எழுத்து மச்சான். மாடிக்கு மேல மாடி கட்டின மாதிரி இருக்கும். எனக்கு டக்குனு உங்க வூடுதான் ஞாபகம் வந்துச்சு."

உள்ளே கிறிஸ்டி இருமினாள்.

ஞானமுத்து எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்தால் அந்தப் பெருமை உள்ளே கொள்ளாது போல. "ஜப்பான்ல?" என்றார். "ஜப்பான்ல நம்ம வூடா?"

அன்று சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்தது. ஞானமுத்துவின் மாளிகையைப் பார்த்து ஜப்பான்காரன் ஓர் எழுத்து வைத்திருக்கிறான் என்பது தேய்ந்தும் வளர்ந்தும், ஜப்பான் பாடப்புத்தகத்தில் ஞானமுத்துவின் போட்டோ இருக்கிறது என்பதுவரை போனது. மறுநாள் காலை கொளஞ்சியம்மாள் வாசலில் நின்றாள்.

"ஏன் தம்பி, எதுத்த வூட்ல இருக்கேன், ஒரு கை உப்பு இல்லன்னா என்கிட்டதான வரீங்க? எனக்கு ஒரு எழுத்து போடக்கூடாதா?"

"உங்களுக்கு இருக்கு அக்கா."

"என்னா எழுத்து?"

கதவில் காது வைத்த எழுத்து என்று சொல்லமுடியுமா? "பூ" என்றான். அவள் வெட்கப்பட்டுப் போனாள்.

எங்கள் பக்கத்தில் திருவிழா நோட்டீஸ் என்று ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று உண்டு. இரண்டிலும் விஷயம் நாலு வரி, பேர் நாற்பது வரி. யார் பேர் யாருக்கு மேலே, யாருக்கு 'திருவாளர்', யார் வெறும் 'திரு', யார் 'மற்றும் பலர்' என்பதில் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. ஒரு நோட்டீஸில் பேர் விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குச் சாவுக்குக்கூட வரமாட்டார்கள். மரிய செல்வத்தின் நோட்டு இப்போது அந்த மாதிரி நோட்டீஸ் ஆகிவிட்டது. பால் சொசைட்டி அங்கமுத்து ஆள் அனுப்பினார்: "பன்னி, நாயின்னு எதுலயும் நம்ம பேர் வரவேணாம். ஆறு, மலை இப்படி எதாச்சும் பாக்கச் சொல்லு."

ஞானமுத்து கமிட்டி போட்டார். தலைவர் ஞானமுத்து. கதைகளைப் புத்தகமாக அச்சடிப்பது, டிசம்பர் நாலாம் தேதி சனிக்கிழமை திருமானூர் கல்யாண மண்டபத்தில் வெளியிடுவது, ஆலை மேனேஜர் காசிநாதனைச் சிறப்பு விருந்தினராக அழைப்பது என்று ஒரே கூட்டத்தில் மூன்று தீர்மானம்.

"மச்சான், அஞ்சாம் தேதி காலையில எனக்குப் பரீட்சை."

"அதான் நாலாம் தேதி வச்சேன். விழாவ முடிச்சு, என் சுமோவுலயே மெட்ராஸ் கொண்டுபோய் விடறேன். பஸ்ல போயி கசங்குவியா?"

"மேனேஜர எதுக்குக் கூப்புட்டீங்க?"

"உனக்காகத்தான்யா! அவரு மேடையில உன்னப் பாத்துட்டாருன்னா ஜப்பான் உறுதி. நோட்ட குடு. நாளைக்குச் சகாய ஆனந்து அச்சுக் கோக்க ஆரம்பிக்கணும்."

மனைவியின் அண்ணனுக்கு மாட்டேன் என்று சொல்லத் தமிழில் ஒரு சொல்லும் அகப்படவில்லை. நோட்டை அப்படியே கொடுத்தால் அதை அச்சுக் கோக்கப் போகிறவரே பிளாஸ்டிக் மாலைக்காரர். அன்று வெந்நீர் அடுப்பில் கிறிஸ்டி பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டாள். சூசையம்மாள் அந்த வெந்நீரில் குளித்துவிட்டு, "இன்னிக்கு நல்லா சூடு" என்றாள்.

அதன்பிறகு மரிய செல்வம் பன்னிரண்டு நாள் ஷிப்ட் முடிந்து வந்து நல்ல கதை எழுதினான். எழுதியதைக் கமிட்டி திருத்தியது. புரூஃபில் 'ஓய்வு' இப்படி வந்தது:

'உழைத்துக் களைத்த பெருந்தகை திருவாளர் அங்கமுத்து அவர்கள், முன்னாள் ஊராட்சித் துணைத் தலைவர் ஞானமுத்து அவர்களின் பொற்கரங்களால் நடப்பட்ட மரத்தின் நிழலில், ஊர்ப் பெரியோர்கள் முன்னிலையில் சற்றே இளைப்பாறினார்.'

கூரையும் பெண்ணும்: 'குலவிளக்கு கூரையின் கீழ் ஒளிர்ந்தால் குறைவான செலவில் நிறைவான வாழ்வு. உபயம்: சகாய ஆனந்த் அச்சகம்.'

"இது எனக்கு மனசுல நிக்காது மச்சான்" என்றான் மரிய செல்வம்.

"பத்து தடவ படி, நிக்கும். இல்ல, அங்கமுத்து பேர எடுத்துரவா? நீயே போய் அவருகிட்ட சொல்லு."

பத்து தடவை படித்தான். இருபது தடவை படித்தான். மனிதனும் மரமும் உள்ள எழுத்தைப் பார்த்தால் அங்கமுத்து வந்தார், பின்னாலேயே பொற்கரம் வந்தது, பெரியோர்கள் ஒவ்வொருவராக வந்து முன்னிலை வகித்தார்கள். என்ன நடந்தது என்பது மட்டும் வரவில்லை. மரம் நட்டார்களா? உழைத்தார்களா? பழைய கதையைத் தேடினால், ஒரே எழுத்துக்கு இரண்டு கதை என்ற குழப்பத்தில் அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நவம்பர் கடைசியில் கிறிஸ்டி புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். எண்பத்தாறில் நாற்பதுகூடத் தேறவில்லை.

"எல்லாருக்கும் சால்வ போத்திவிட்டு நிக்க வச்ச மாதிரி இருக்கு கிறிஸ்டி. மொகமே தெரியல."

"எங்கண்ணன் தொட்டா வெளங்குமா?" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. எதிர்வீடு பக்கத்தில்தானே.

நாலாம் தேதி மூன்று மணி விழா நாலேகாலுக்குத் தொடங்கியது. வாழ்த்துரை ஆறு, அணிந்துரை வாசிப்பு இரண்டு. புத்தகத்தில் அறுபத்து நாலு பக்கம். எழுத்துகள் முப்பத்தொன்றாம் பக்கத்தில்தான் தொடங்கின, அதற்கு முன்னால் எல்லாம் போட்டோ. பேசிய ஒருவர், ஜப்பானியர்கள் சுறுசுறுப்பானவர்கள் என்பதை முக்கால் மணி நேரம் நிதானமாக விளக்கினார். மேடையில் மரிய செல்வம் மடியில் ஐந்து சால்வையோடு உட்கார்ந்து, மனதுக்குள் எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சால்வைக்கும் ஓர் எழுத்து குறைந்தது. முன்வரிசையில் கிறிஸ்டியும், புதுச்சேலையில் சூசையம்மாளும்.

ஆறரைக்குக் காசிநாதன் எழுந்தார். அவர் பேச்சில் நம்பிக்கை இல்லாதவர். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தே பழக்கம், மூட்டையைக்கூட ஒன்றைப் பிரித்துப் பார்ப்பார். மேடையின் பின்னால் கமிட்டி தொங்கவிட்டிருந்த எழுத்து சார்ட்டிடம் போனார்.

"செல்வம், நாளைக்குப் பரீட்சை உங்களுக்குத்தானே? நாலு எழுத்து கேக்கறேன், சொல்லுங்க. கதையோட சொல்லுங்க, அதுக்குத்தானே விழா." விரல் மனிதன் மேலும் மரத்தின் மேலும் நின்றது.

மரிய செல்வம் சால்வைகளை அள்ளிப் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் வந்தான். அங்கமுத்து வந்தார். பொற்கரம் வந்தது.

"மரம்... மரம் நடுவிழா?"

கூட்டத்தில் சிரிப்பு. புத்தகத்தைக் கையில் வைத்திருந்த ஒருவர், "தப்பு தப்பு, முப்பத்தி நாலாம் பக்கம்" என்று கத்தினார்.

காசிநாதன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் மைக் அதையும் எடுத்துக்கொண்டது. "செல்வம், திங்கக்கிழமை நான் ஹெட் ஆபீஸுக்கு லெட்டர் போடணும். இதான் நிலைமைன்னா, வெளியாளப் பாக்கச் சொல்லி இப்பவே எழுதிருவேன். ரிசல்ட்டுக்குக் காத்திருந்து பிரயோஜனமில்ல."

ஐந்து சால்வையும் கையிலிருந்து சரிந்தன. பதினாலு வருஷம். பதினாலு வருஷம் மூட்டை வாயைப் பார்த்தே கழிந்தது. நாளைக்குப் போகப்போகிற ஒரு வாய்ப்பை இன்றைக்கே, இத்தனை பொன்னாடை வாசனைக்கு நடுவில், புதைக்கிறார்கள். அவன் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தான். மூக்கு வரைக்கும் ஏறிய எரிச்சலில் அங்கமுத்துவும் பெரியோர்களும் எங்கோ ஓடிவிட்டார்கள். மரத்தில் சாய்ந்து நின்ற ஆள் மட்டும் இருந்தார்.

"ஓய்வு சார்."

"அப்படிப் போடுங்க. எப்படி ஞாபகம் வச்சீங்க?"

"ரோடு போட்ட அன்னிக்கு ஞானமுத்து மச்சான் மரத்துல சாஞ்சு நின்னாரு. அஞ்சு வருஷமும் நின்னாரு. அந்தப் பக்கம் பட்டையே தேஞ்சு போச்சு."

பின்வரிசையிலிருந்து சிரிப்பு எழுந்து முன்வரிசைக்கு வந்தது. ஞானமுத்துவும் சிரித்தார், போட்டோவுக்குச் சிரிக்கிற மாதிரி. காசிநாதன் அடுத்ததைக் காட்டினார்.

"கேக்கறது. கதவுல காது. கொளஞ்சியம்மா அக்கா."

"அடப் பாவி! பூன்னு சொன்னியேடா!" பெண்கள் பக்கத்திலிருந்து.

"பழசு. கல்லறை மேல சகாய ஆனந்து அண்ணன் மாலை. போன வருஷத்து மாலை."

"மாலையப் பத்தி நீ பேசாத! அச்சுக்கூலி இன்னும் வரல!" என்று எழுந்த சகாய ஆனந்தை இரண்டு பேர் உட்கார வைத்தார்கள்.

காசிநாதனுக்கே உற்சாகம் வந்துவிட்டது. விரல் கூரைக்குப் போனது. கூரையின் கீழே பெண்.

மரிய செல்வம் கிறிஸ்டியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பொருளை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை நாளாக மண்டைக்குள் அடைத்துக் கிடந்த குழாய் அப்போதுதான் திறந்திருந்தது. திறந்த குழாய்க்குக் குலப்பெருமை தெரியாது.

"மலிவு சார். பெத்த அம்மாவ தங்கச்சி வூட்டுக் கூரைக்கு அடியில வுட்டுட்டா, மச்சானுக்குச் செலவு மலிவு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. காசிநாதன், "சரியா சொல்லிட்டீங்க, வெரிகுட்" என்று சொல்லிவிட்டு, எதற்குச் சொன்னோம் என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

ஞானமுத்து மைக்கைப் பிடித்தார். மானம் போனால் மௌனமாகிற ஜாதி அல்ல அவர். மானம் போனால் விழா எடுக்கிற ஜாதி. "அன்பார்ந்த பெரியோர்களே! என் தாய் என் தெய்வம்! தூசிக்காக அனுப்பினேன், தூசு தட்டிச் சொல்கிறார்கள்! இதோ, இந்த நிமிடமே, உங்கள் அனைவர் முன்னிலையிலும், என் தாயை என் இல்லத்துக்கு அழைத்துச் செல்கிறேன்!"

கைதட்டல். மரிய செல்வத்தின் கையிலிருந்து சரிந்து கிடந்த சால்வையிலேயே ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து அம்மாவுக்குப் போர்த்தினார்.

"எங்கடா இழுக்கிற? என் மாத்திரயெல்லாம் அங்க இருக்கு" என்றாள் சூசையம்மாள்.

"வாங்கிக்கலாம்மா!"

"கோழி அடைக்கணும்டா!"

சுமோவின் கதவு சாத்தியது. அந்தக் கதவுக்குள் மரிய செல்வத்தின் சென்னைப் பயணமும் இருந்தது.

மண்டபத்து வாசலில் கிறிஸ்டி அவன் பையை அவன் கையில் திணித்தாள். அழுதாளா என்று அந்த ட்யூப்லைட்டில் தெரியவில்லை.

"கோவமா?" என்றான்.

"அத நான் கேட்டிருக்கணும். ஆறு வருஷமா தொண்டையில வச்சிருந்தேன். எங்கண்ணன் மூஞ்சிக்கு நேரா, வூட்டுக்குள்ள வச்சு, நான் கேட்டிருக்கணும். நீங்க மேனேஜர்கிட்ட மார்க் வாங்கறதுக்காக மைக்குல சொல்லிப்புட்டீங்க." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "போங்க. போய் ஒழுங்கா எழுதுங்க. இவ்ளோ ஆனதுக்கு அப்புறம் பெயிலாயிட்டு வந்து நின்னீங்கன்னா வச்சிக்கிறேன்."

அரியலூரில் ரயில் பிடித்து, கழிவறைக்குப் பக்கத்தில் பை மேல் உட்கார்ந்து சென்னைக்குப் போனான்.

தேர்வு அறையில் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். கேள்வித்தாள் வந்தது. முதல் ஐந்து நிமிடத்தில் அவனுக்கே ஆச்சரியம்: பழையது வந்தது, மாலை வந்தது. குடிப்பது வந்தது, கிறிஸ்டியின் சித்தப்பா வந்தார். எல்லாரும் சால்வையைக் கழற்றி வீசிவிட்டு அவரவர் அல்பத்தனத்தோடு வரிசையில் வந்து நின்றார்கள். மரிய செல்வம் சர்சர் என்று வட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டே போனான்.

பிறகு கூரை. கூரையின் கீழே பெண். எப்படிப் படிப்பது என்று கேள்வி. நாலு விடைகளில் இரண்டு அவனுக்குத் தெரிந்தவை: 'யசுய்' என்றால் மலிவு, 'தகாய்' என்றால் விலை அதிகம்.

கூரை யாருடையது?

நேற்று வரைக்கும் அது அவன் வீட்டு ஓட்டுக்கூரை. கீழே மாமியார். மலிவு. ஆனால் இப்போது மாமியார் அங்கே இல்லையே. சிங்கத்தின் கீழே, மச்சான் கூரையில் அல்லவா இருக்கிறாள்? மாத்திரை மச்சான் வாங்கவேண்டும். டாக்டர் மச்சான் பார்க்கவேண்டும். ஆறு வருஷத்துக் கதையை இழுத்து வரப் பார்த்தான். அது வரவில்லை. நேற்று நடந்தது அதைவிடக் கேவலமாக இருந்தது, ஆகவே அதைவிட நன்றாக மனதில் பதிந்திருந்தது. சுமோவுக்குள் ஏற்றப்படும் பெண், கைதட்டல், தலைக்குமேல் புதுக் கூரை. மச்சானுக்குச் செலவு.

'தகாய்' வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போனான்.

மணி அடித்து, படியிறங்கி, கேட்டுக்கு வெளியே இளநீர் வண்டியில் விலை கேட்டபோதுதான் உறைத்தது. அப்படியே நின்றுவிட்டான். இளநீர்க்காரர், "சார், வெட்டவா வேணாமா?" என்று மூன்று தடவை கேட்டார்.

சூசையம்மாள் பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மருமகளுக்கும் அவளுக்கும் டிவி ரிமோட்டில் ஒத்துப்போகவில்லையாம். "தூசி" என்றார் ஞானமுத்து, போனில். கிறிஸ்டி இந்தத் தடவை போனை வைக்கவில்லை. அரைமணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று எதிர்வீட்டுக்குத்தான் முழுசாகத் தெரியும். அதன்பிறகு மாதம் பிறந்தால் மாத்திரை அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அவ்வளவுதான் வந்தது.

பிப்ரவரி கடைசியில் ரிசல்ட். நானூறுக்கு இருநூற்று நாற்பது எடுக்கவேண்டும். மரிய செல்வம் இருநூற்று முப்பத்தெட்டு.

காசிநாதன் அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ரெண்டே மார்க்கு. ரொம்பப் பக்கத்துல வந்துட்டீங்க. மனசார பாராட்டறேன்" என்றார். அவருக்கும் விழா பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஆனா ரூல் ரூல்தான். சென்னையிலேர்ந்து ஒருத்தர எடுத்திருக்கோம், திருமுருகன்னு. மூணாம் நிலையே பாஸ் பண்ணினவரு. வர்ற மாசம் ஜப்பான் போறாரு. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் உங்க கூட நிக்கட்டும்."

"எதுக்கு சார்?"

"மெஷினப் பழகத்தான்."

"அவருக்குத்தான் நாப்பத்திரெண்டு பொத்தானும் படிக்கத் தெரியுமே."

"படிப்பாரு. கடகடன்னு படிப்பாரு. எத எப்ப அமுக்கணும்னு தெரியாதுல்ல? இதுவரைக்கும் சிமென்ட் ஆலைய வெளியேருந்துகூட பாத்ததில்லையாம்." காசிநாதன் தாளை மடித்து அவனிடமே நீட்டினார். "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே, செல்வம்."